மூன்றாவது கட்டு கீரை

அக்கா எதையும் முழுசாக முடித்து நான் பார்த்ததே இல்லை. டீ குடித்தால் கிளாஸின் அடியில் ஒரு மடக்கு நிற்கும். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் கடைசி பிஸ்கட் ரப்பர் பேண்டோடு மேசை டிராயருக்குள் போய்விடும். வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிப்பார். ஆனால் 'முற்றும்' போடுகிற வாரம் மட்டும் பத்திரிகை வாங்க மாட்டார். "கடைசில என்னதான் ஆச்சு அக்கா?" என்று கேட்டால், "எதுனா ஆயிருக்கும், வுடு பாய்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சாப்பிட்ட தட்டைக் கழுவவே வேண்டாம் என்று என் மனைவி கிண்டல் செய்வாள். அந்த ரகம் நான்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது மயிலாப்பூரில், லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில் இருந்த சின்ன லேபில். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்க்கிற லேப் இல்லை. ஆபரேஷனில் வெட்டி எடுத்த கட்டி, ஜாடியில் மருந்துத் தண்ணீரில் மிதந்துகொண்டு வரும். அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே வேலை. பார்த்துச் சொல்ல ஒரு டாக்டர், வெட்டித் தர அக்கா, வாசலில் கவுன்டரில் நான். ரிப்போர்ட் டைப் அடித்து, கவரில் போட்டு, "உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிக் கொடுப்பேன். கவரை வாங்குகிறவர்கள் என் முகத்தைப் பார்த்தே ஏதாவது தெரிந்துகொள்ளப் பார்ப்பார்கள். நான் உடனே குனிந்து பேனாவைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

கட்டியிலிருந்து நகம் அளவுக்கு ஒரு துண்டு எடுத்து மெழுகுக்குள் புதைப்பார்கள். அதற்கு பிளாக் என்று பெயர். அந்த பிளாக்கை மெஷினில் மாட்டி, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுப்பார் அக்கா. சீவுவதற்கு முன்னால் பிளாக்கை ஐஸ் கட்டி மேல் வைத்திருப்பார். மாட்டியதும் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் 'ஹா' என்று ஒரு மூச்சு விடுவார். ஐஸில் இறுகிய மெழுகு அந்தச் சூட்டில் கொஞ்சம் இளகினால்தான் சீவல் உடையாமல் வருமாம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்கிறதுதான் இது. ஆனால் அக்கா மூச்சு விடுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், யாருக்கோ காதில் ரகசியம் சொல்வது மாதிரி இருக்கும்.

பிளாக்கையும் அக்கா முடிக்க மாட்டார். எவ்வளவு அவசரமானாலும் கடைசியில் ஒரு சின்னத் தகடு மிச்சம் வைத்துவிடுவார். இதற்கு மட்டும் காரணம் சொல்லியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கல்லூரிப் பெண்ணின் கட்டியை ஸ்லைடு நன்றாக வரட்டும் என்று கடைசி வரை சீவித் தீர்த்துவிட்டார். அடுத்த வாரம் இன்னொரு பரிசோதனை வேண்டும் என்று சீட்டு வந்தது. பிளாக்கில் வெறும் மெழுகு. அந்தப் பெண்ணின் கழுத்தில் மறுபடி கத்தி வைத்தார்கள். "அந்தப் பொண்ணு இதே பெஞ்சுல குந்திக்கினு என்னைப் பார்த்துச்சு பாய். நான்தான் தீர்த்தேன்னு அதுக்குத் தெரியாது. சிரிச்சிச்சு" என்றார். டீக்கும் பிஸ்கட்டுக்கும் இந்தப் பழக்கம் எப்படித் தாவியது என்று நான் கேட்கவில்லை.

இப்போது நம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா அவரை அப்படித்தான் சொல்வார்.

முதல் ஊரடங்குக்குச் சில நாள் முன்னால் ஒரு ஜாடி வந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய், பாதிக் குழாயை வெட்டி எடுத்திருந்தார்கள். ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நோயாளியின் மைத்துனர். நோயாளி தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டுகிறவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றார். புற்றுநோய்தான் என்று சொல்லும் முதல் ரிப்போர்ட்டை அந்த மைத்துனரே வந்து வாங்கிப் போனார். ஆபரேஷன் செய்த டாக்டர் இரண்டாவதாக ஒரு பரிசோதனையும் கேட்டிருந்தார். அது புரதப் பரிசோதனை.

இத்தனை வருஷம் டைப் அடித்தால் கவுன்டர் மேசைக்கே கொஞ்சம் மருத்துவம் வந்துவிடும், எனக்கு வராதா? உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் ஒரு வாசலைத் தாண்ட வேண்டுமாம். அந்த வாசலைத் திறந்துவிடுகிற புரதம் உண்டு, மூடிப் பிடிக்கிற புரதமும் உண்டு. திறக்கிறது அளவுக்கு மீறிப் போய், மூடுகிறது காணாமல் போனால் செல் தன் பாட்டுக்குப் பெருகிக்கொண்டே போகும். ஒரு சாயம் போட்டால் அந்தப் புரதம் இருக்கிற செல் மட்டும் காப்பிக்கொட்டை நிறத்தில் தெரியும். அப்படி எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், நோய் மெதுவாக வளருமா, வேகமாகப் பரவுமா என்று ஓரளவுக்குச் சொல்லலாம். இன்னும் எவ்வளவு நாள் என்ற கேள்விக்கு மருத்துவம் வைத்திருக்கும் பதில்களில் இது ஒன்று.

நம்மாளின் ஸ்லைடு முழுக்கக் காப்பி நிறம். திறக்கிற புரதம் எங்கே பார்த்தாலும் இருந்தது. மூடுகிற புரதத்துக்குப் போட்ட ஸ்லைடில் தேடினாலும் ஒன்றும் இல்லை. டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்துக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவர் பழைய மயிலாப்பூர்க்காரர்.

"இத்தனை டார்க்கா பார்த்து ரொம்ப வருஷமாச்சு. பாவம், இந்த மனுஷன் ரொம்ப நாள் தாங்கமாட்டார்னு தோண்றது" என்றார்.

அந்த ரிப்போர்ட் தயாரானபோது ஊர் அடங்கிவிட்டது. மைத்துனரின் நம்பருக்கு மூன்று முறை போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். நாலாவது முறை நான் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கவரில் போட்டு, வாங்காத ரிப்போர்ட்டுகள் இருக்கிற தட்டில் செருகிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

புரதத்துக்குச் சாயம் போடுகிற நாட்களில், சாயம் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நிச்சயமாகக் காப்பி நிறம் வருகிற ஒரு சதையையும் கூடவே வைத்துப் போடுவார்கள். கண்ட்ரோல் என்பார்கள் அதை. கண்ட்ரோல் நிறம் மாறினால்தான் அன்றைக்கு மற்ற நோயாளிகளின் ஸ்லைடை நம்பலாம். எங்களிடம் இருந்த கண்ட்ரோல் தீர்ந்துபோன நேரம் அது. "ரிப்போர்ட் வாங்கவே யாரும் வரலை. இந்த பிளாக்கையே வெச்சுக்கோயேன், இதுல நன்னா புடிக்கறது" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து தினம் காலையில் நம்மாளிடமிருந்து ஒரு சீவல். பஸ் ஓடாத அந்த மாதங்களில் அக்கா சைதாப்பேட்டையிலிருந்து நந்தனம், ஆழ்வார்பேட்டை வழியாக நடந்தே வருவார். வந்ததும் முதல் வேலையாக அந்த பிளாக்கை எடுப்பார். மாஸ்க்கைக் கீழே இறக்கி மூச்சு விட்டுவிட்டு, டாக்டர் பார்க்கிறாரா என்று பயந்து மறுபடி ஏற்றிக்கொள்வார். "இன்னா சார், நைட்டு தூக்கமா?" என்று பிளாக்கிடம் கேட்பார். சாயம் நன்றாகப் பிடித்தால் உள்ளேயிருந்தே எனக்குக் குரல் வரும், "நம்மாளு வந்துட்டாரு பாய்!" நிறம் வெளிறினால், "இன்னிக்கு கோவமா கீறாரு." புது மருந்து பாட்டிலைத் திறந்து எல்லாவற்றையும் மறுபடி போடுவார். அவர் சரியாக வராமல் மற்றவர்களின் ஸ்லைடைத் தொடவே மாட்டார்.

நான் சிரிப்பேன். ஒரு தடவை அக்காவுக்குக் காய்ச்சல் என்று சைதாப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. சுவரில் அம்மா, அப்பா படம். கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. படுக்கையில் கிடந்த அம்மாவையும் அப்பாவையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து அனுப்பிவைப்பதற்குள் அக்காவின் கல்யாண வயது போய்விட்டது. பாலவாக்கத்தில் ஒரு தம்பி உண்டு, பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வான். அந்தக் காய்ச்சலிலும் எழுந்து எனக்கு டீ போட்டார். "சண்டேன்னா பேஜார் பாய். வாயத் தொறக்கவே வேலையில்ல. லேப்லன்னா நம்மாளு கீறாரு" என்றார். அதற்கப்புறம் நான் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மகாளய அமாவாசைக்கு அக்கா ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். வருஷா வருஷம் மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் பக்கம் போய்ப் பசுவுக்கு அகத்திக்கீரை வாங்கிப் போடுவார். அம்மாவுக்கு ஒரு கட்டு, அப்பாவுக்கு ஒரு கட்டு. அந்த முறை மூன்று கட்டு போட்டேன் என்றார்.

"மூணாவது யாருக்கு?"

"நம்மாளுக்குத்தான். டாக்டரே சொன்னாரே, தாங்கமாட்டாருன்னு. ரிப்போர்ட் வாங்கக்கூட ஆளில்லாத மனுசன். அவருக்கு யாரு கீறாங்களோ இன்னாவோ. தெனம் வெட்டறவ நானு, நான்கூட போடலன்னா எப்டி?"

எங்கள் வீட்டிலும் இறந்தவர்களுக்காக ஓதுவது உண்டு. பெயர் கூட மறந்துபோன ஒருவருக்காக யாரும் ஓதி நான் கேட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியபிறகு பிளாக் மெலிந்து மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் காலையில் அக்கா அதை மெஷினில் மாட்டவில்லை.

"இன்னும் பத்து நாளைக்கு வருமே. ஏன் எடுத்து வெச்சுட்டே?" என்றார் டாக்டர்.

"வராது டாக்டர்."

"நேக்குக் கண்ணில்லையா? இதோ தெரியறதே."

"மிச்சம் இருக்கணும் டாக்டர். வெட்ட மாட்டேன்."

அக்கா அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. டாக்டர் சிவந்துபோனார். "போய்ச் சேர்ந்தவருக்கு எதுக்கு மிச்சம்? யார் வந்து கேக்கப் போறா?" என்றார்.

"போய்ட்டாருன்னும் யாரும் வந்து சொல்லலியே டாக்டர்."

டாக்டர் இரண்டு வாரம் அக்காவிடம் பேசவில்லை. வேறு இடத்திலிருந்து கண்ட்ரோல் ஸ்லைடு வரவழைத்தார். என்னைக் கூப்பிட்டுப் பதிவேட்டில் அந்த பிளாக் நம்பருக்கு நேராக 'தீர்ந்தது' என்று எழுதச் சொன்னார், எழுதினேன். அக்கா பிளாக்கைப் பஞ்சில் சுற்றி, இருமல் மிட்டாய் டப்பா ஒன்றில் போட்டு, டிராயரில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நான் விடவில்லை. "அக்கா, அமாவாசைன்னா அவரு போயிட்டாரு, கீரை போடுறீங்க. பிளாக்குன்னா மட்டும் உயிரோட இருக்காரா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"கம்முனு இரு பாய். அது வேற, இது வேற."

இன்னும் ஒன்றரை வருஷம் போனது. கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம், ஒல்லியாக ஒரு மனிதர் மாடிப்படியில் நின்று நின்று ஏறி வந்தார். முழுக்கைச் சட்டை, கழுத்தோரம் நீளமாக ஒரு தழும்பு. பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஒவ்வொரு மடக்காக யோசித்து யோசித்துக் குடித்தார். பக்கத்தில் யாரோ கலைத்துப் போட்டிருந்த பேப்பரை எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, நீவி மடித்து வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நாலு வருசத்துக்கு முந்தி என் கட்டிய இங்கதான் குடுத்தாவ. என் மச்சினன்தான் கொண்டாந்தான்" என்று ஒரு பழைய ரிப்போர்ட்டை நீட்டினார். "ஊரடங்குன்னதும் ஊருக்குப் போயிட்டோம். அவன் போனும் தொலைஞ்சு போச்சு. கரண்டு வைக்கது, ஊசி எல்லாம் அங்கயே பாத்தாச்சு. நல்லாத்தான் இருந்தேன். இப்ப நெஞ்சுக்குள்ள ரத்தக்குழா பக்கத்துல சின்னதா ஒண்ணு மறுபடி வந்திருக்காம். அங்க ஊசி போட்டு எடுக்கது ஆபத்தாம். புதுசா ஒரு மருந்து இருக்கு, அது எனக்குக் கேக்குமான்னு பாக்கணும்னா பழைய கட்டி வேணும்னு டாக்டர் சொல்லுதாரு. இருக்குமா தம்பி?"

நம்பரைப் பதிவேட்டில் தேடினேன். என் கையெழுத்தில் 'தீர்ந்தது' என்று இருந்தது. அதைப் படித்துச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எதிரில் நிற்பவர் யார் என்று. "உட்காருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

"அக்கா, நம்மாளு வந்திருக்காரு."

"எந்த ஆளு?"

"நம்மாளுக்கா. கண்ட்ரோலு."

"போ பாய், இதுலலாம் வெளயாடாத."

"நம்பர் பார்த்தேன் அக்கா. அவரேதான். பெஞ்சில உட்கார்ந்திருக்காரு."

அக்கா கையிலிருந்த ஸ்லைடை மெதுவாகத் தட்டில் வைத்தார். கதவின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்ளோ ஒல்லியா கீறாரே" என்றார். அப்புறம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, உயிரோட கீற மனுசனுக்கு நாலு வருசமா கீரை போட்டுக்கீறேன் பாய். பாவமாச்சே."

"போய்ப் பேசுங்க அக்கா."

"இன்னான்னு பேசறது? உங்கள தெனம் வெட்டிக்கினு இருந்தவ நான்தான்னா?"

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். நான் நீட்டிய பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார், கதவு வழியாக மனிதரைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அது நூறு பேருக்குச் சொல்ற கணக்குப்பா. அதுல ஒருத்தர் எழுந்து வந்து நின்னா, அவர்ட்ட சொல்றதுக்கு நேக்கு ஒண்ணுமில்லை" என்று என்னிடம் முணுமுணுத்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பாமலே, "பிளாக் இருக்கோ?" என்றார்.

அக்கா இருமல் மிட்டாய் டப்பாவை மேசையில் வைத்தார். டாக்டர் திறந்து பார்த்தார். பஞ்சுக்குள் அந்த மெல்லிய தகடு இருந்தது. "போதுமோ?" என்றார். "பத்து சீவல் வரும் டாக்டர்" என்றார் அக்கா. டாக்டர் பிளாக்கை வெளியே கொடுப்பதற்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அக்காவை வெளியே போய்க் கொடுக்கச் சொன்னால், "நீயே குட்துடு" என்று என் கையில் திணித்துவிட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சட்டைப் பைக்குள் போட்டார். கதவு படாரென்று திறந்தது.

"பாக்கெட்ல வெக்காதீங்க! மெழுகு. இந்த வெயில்ல உருகிப் பூடும்."

அக்காதான். அத்தனை வருஷம் மூச்சு விட்டு இளக்கியவருக்கு அது எவ்வளவு சீக்கிரம் இளகும் என்று தெரியும். அவரிடமிருந்து பிளாக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்த தயிர்சாதத்தை ஒரு பேப்பரில் கவிழ்த்து, டப்பாவைக் கழுவித் துடைத்து, ஐஸ் போட்டு, பிளாக்கை பாலிதீன் பையில் கட்டி நடுவில் வைத்து மூடிக் கொண்டுவந்தார். சின்ன எவர்சில்வர் டப்பா, மூடியில் அவருடைய அம்மாவின் பெயர் பொறித்தது.

"சரிம்மா. டப்பாவ எப்ப கொண்டாந்து குடுக்கணும்?" என்றார் அவர்.

"அவசரமில்ல. மெதுவா குடுங்க." அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா நீங்களே கொண்டாந்து குடுக்கணும்."

"நானே கொண்டாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு, டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கிப் போனார். தன் முன்னால் நிற்கிற பெண் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் மடித்து வைத்த பேப்பரை அக்கா எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது நான் படிக்க வேண்டிய அன்றைய பேப்பர், நான் கேட்கவில்லை.

அந்த வருஷ மகாளய அமாவாசைக்கு அக்கா இரண்டு கட்டுதான் வாங்கினார். "கீரக்காரம்மா பழக்கத்துல மூணு எடுத்து நீட்டுது. ரெண்டு போதும், ஒருத்தர் திரும்பி வந்துட்டாருன்னேன். அது என்னைப் பார்த்த பார்வை கீதே பாய்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் காலைகள் நன்றாக இல்லை. வெளியிலிருந்து வரவழைத்த கண்ட்ரோல் ஸ்லைடு சீவியே வரும், அதன் மேல் மூச்சு விட வேண்டாம். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் சாயம் போட்டார். "அவரு உயிரோட கீறாரு, அது போதும் பாய். ஆனா காலைல யாராண்ட பேசறதுன்னுதான் தெர்ல" என்றார். மதியச் சாப்பாடு பாலிதீன் பையில் வந்தது. நான் புதிதாக ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார், அதில் ஒருநாளும் சாப்பாடு கொண்டுவரவில்லை. மாடிப்படியில் காலடி கேட்டால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் தலை தெரியும்.

அந்த வருஷக் கடைசியில் அக்கா ஓய்வு பெற்றார். டாக்டர் ஒரு கேக் வரவழைத்தார். கடைசித் துண்டை அக்கா பெட்டியோடு மூடி வைத்துவிட்டுப் போனார். போகும்போது, "டப்பா வந்தா சொல்லு பாய்" என்றார். அவ்வளவுதான்.

டப்பா வந்தது. அடுத்த வருஷ மகாளய அமாவாசைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, நடு வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தார். நெற்றியில் பொட்டில்லை. மூடியில் இருந்த பெயரை நான் பார்த்தேன். வாங்குகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பது போல நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அந்தத் துண்ட வச்சுப் பாத்துத்தான் மருந்து குடுத்தாவ. நல்லாக் கேட்டுது. மக கல்யாணத்த வடபழனி கோயில்ல வச்சு, அவிய கையாலயே முகூர்த்தச் சேல எடுத்து நடத்துனாவ. ஆடி மாசம்தான் ரொம்ப முடியாமப் போச்சு" என்றார். "நானே கொண்டுபோய்க் குடுக்கணும், அந்தம்மாட்ட சொல்லியிருக்கேன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தாவ. வெறும் டப்பாவா குடுக்காதன்னும் சொன்னாவ."

திறந்து பார்த்தேன். உள்ளே நாலு கருப்பட்டித் துண்டு.

அக்காவுக்கு அன்றைக்கே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. போனை எடுப்பேன், பெயரைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். அந்தம்மாள் வந்ததைச் சொல்லாமல், அவரே வந்தார், நீங்கள் இல்லையே என்று வருத்தப்பட்டார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு மனிதர்தான். ஆனால் அமாவாசை நெருங்க நெருங்க எனக்குச் சங்கடமாகிவிட்டது. நான் பொய் சொன்னால் அக்கா இரண்டு கட்டுதான் வாங்குவார். நாலாவது முறை போன் போடாதவன் என்கிற பெயர் எனக்குள் ஏற்கனவே ஒன்று இருந்தது.

அமாவாசை அன்று காலையில் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு தெப்பக்குளத்துக்கே போனேன். குளத்தைச் சுற்றி ஒரே கூட்டம். படிகளில் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். தெருவோரம் நாலைந்து பசுக்கள், பக்கத்தில் கீரைக்கட்டு விற்கிற பெண்கள். அக்கா ஒரு பசுவுக்கு முன்னால் நின்றிருந்தார். முன்பைவிட இளைத்து, தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கட்டு பசுவின் வாயில் இருந்தது, இன்னொன்று அவர் கையில்.

"அக்கா" என்றேன்.

திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இன்னா பாய், நீ இங்க?" என்று ஆரம்பித்தவர், என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டார். வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. அவர் கையிலிருந்த கட்டைப் பசு தானாகவே இழுத்துக்கொண்டது.

"யாரு கொண்டாந்தாங்க?" என்றார்.

தயார் செய்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் நாக்கு நுனி வரை வந்தது.

"அவர் வீட்டம்மா" என்றேன்.

அக்கா டப்பாவை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கீரைக்காரம்மாவிடம் போய், "இன்னும் ஒரு கட்டு குடும்மா" என்றார்.